‘ஜியோரெஃபரன்சிங்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

உட்லண்ட்ஸ், திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கே சிங்கப்பூரில் ஒரு நூலகத்தின் பழைய நிலப்படத் திரட்டு இணையத்துக்கு வருகிறது. தொண்டூழியர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றதையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். ‘ஜியோரெஃபரன்சிங்’ மட்டும் அசைய மறுக்கிறது.

வேலை இதுதான். தாளில் உள்ள படத்தை ஸ்கேன் செய்கிறார்கள். அந்த நிலையில் அது வெறும் புகைப்படம். அதன் எந்த மூலை உலகின் எந்த இடம் என்று கணினிக்குத் தெரியாது. தொண்டூழியர் பழைய படத்தில் ஒரு தெருச் சந்தியைத் தொடுகிறார். பிறகு இன்றைய படத்தில் அதே சந்தியைத் தொடுகிறார். இப்படிக் குறைந்தது மூன்று சோடிகள் சேர்ந்ததும் கணினி பழைய படத்தை இழுத்துத் திருப்பி இன்றைய படத்தின்மேல் படிய வைக்கிறது.

என் கையில் இருப்பது ‘புவிசார் குறிப்பிடல்’. எனக்கே பிடிக்கவில்லை. இன்னொரு சிக்கல்: திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. ‘இந்தப் படத்தை’ என்று தொடங்கி ஏவலாக முடிய வேண்டும். பொத்தானும் அகலமானது அன்று.

‘டிஜிட்டைசேஷன்’ நம் ஊரில் மின்னிலக்கமாக்கல் ஆகிவிட்டது. அதை மறுபடி கிளற வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.


ஈசூன், செவ்வாய் காலை

அன்புள்ள அம்மா,

‘புவிசார் குறிப்பிடல்’ இரு காலும் ஊனமான சொல். புவி வடசொல். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறாரே என்று யாராவது எழுதுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: வழிவிட்டார், வரவழைக்கச் சொல்லவில்லை. நிலம் என்ற சொல் வீட்டில் இருக்கும்போது புவியை எதற்கு இரவல் வாங்க வேண்டும்? அகத்திணையில் முதற்பொருள் எது? ‘முதலெனப் படுவது நிலம்பொழு திரண்டின் இயல்பு.’ புவியும் பொழுதும் என்று அவர் பாடவில்லை.

அடுத்தது குறிப்பிடல். குறிப்பு என்பது மறைத்துச் சொல்வது. இங்கே மறைவு எதுவுமில்லை, நேராகக் காட்டுகிறோம். நேராகக் காட்டுவதற்குத் தமிழில் இருப்பது சுட்டு. ஆகவே ‘நிலச்சுட்டு’.

அ, இ, உ மூன்றும் சுட்டு. கையில் உள்ள தாள் ‘இ’. தொலைவில் உள்ள நிலம் ‘அ’. இரண்டுக்கும் நடுவே திரையில் மிதக்கிறதே ஒரு படம், அது ‘உ’. நாம் தொலைத்துவிட்ட அந்த இடைச்சுட்டைக் கணினி திரும்பக் கொண்டுவந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.


பிடோக், செவ்வாய் காலை

வணக்கம் ஐயா. நீங்கள் தொலைத்துவிட்டீர்கள்; நாங்கள் தொலைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா கடைசி வரைக்கும் ‘உது’, ‘உவன்’ என்றுதான் பேசினார். இடைச்சுட்டுக்கு இரங்கல் எழுதுமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சொல்லுக்கு வருகிறேன். இந்த வேலையில் படத்துக்குக் கிடைப்பது என்ன? ஆள்கூறுகள், அதாவது இடத்தைக் காட்டும் எண்கள். அகலாங்கும் நெட்டாங்கும் (அட்சரேகையும் தீர்க்கரேகையும்) இலங்கைப் பாடப்புத்தகங்களில் எத்தனையோ காலமாகப் புழங்குகின்றன. ‘ஆள்கூற்றுப் பிணைப்பு’ என்றால் நடப்பது அப்படியே சொல்லில் இருக்கும்.


கிளமெண்டி, செவ்வாய் மதியம்

அக்கா, ஐயா, எல்லாருக்கும் வணக்கம். நான் இதே துறையில் சம்பளம் வாங்குபவன். இலக்கணம் தெரியாது, மன்னிக்கவும்.

‘புவிசார்’ என்று தொடங்குவது வேறொரு காரணத்துக்காகவே ஆகாது. ‘புவிசார் குறியீடு’ என்றால் தமிழ்நாட்டில் மதுரை மல்லி, காஞ்சிபுரம் பட்டு. பழைய படத்துக்குப் புவிசார் குறிப்பு என்றால் அதற்கும் சான்றிதழ் வாங்குகிறோம் என்று நினைப்பார்கள்.

‘ஆள்கூறு’ சரியான சொல்தான். ஆனால் இங்கே கேட்பவர்கள் ஆளைக் கூறு போடுவதாக நினைப்பார்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது ஆயத்தொலைவு. இரண்டில் எதைப் போட்டாலும் பாதிப் பேருக்குப் புரியாது.

‘நிலச்சுட்டு’? பொத்தானில் ‘இந்தப் படத்தைச் சுட்டு’ என்று வரும். படத்தைச் சுட்டு, பிறகு? தோசையா? கணினி மவுசுக்கும் சுட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். சுட்டியால் சுட்டிச் சுட்டு என்று கையேடு எழுத முடியுமா, ஐயா?

நாங்கள் வேலையிடத்தில் வாயால் சொல்வது ‘படத்தைப் பொருத்துவது’. அதனால் ‘நிலப்பொருத்தம்’ என்று முன்வைக்கிறேன்.


தெம்பனிஸ், செவ்வாய் மாலை

தம்பி சொல்வது சரி. அந்தக் காலத்துச் சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். இராசராச சோழன் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். ஒரு வயலை அளக்கும் கோலுக்கு உலகத்தின் பெயர்! திருவிக்கிரமன் மூன்றடி அளந்தான். நீங்களும் மூன்று புள்ளி வைக்கிறீர்கள். ‘உலகளத்தல்’ என்றே வைத்துவிடலாமே.

இன்னொன்று. படங்களை ஏற்றும்போது பழைய தமிழ் இடப்பெயர்களையும் ஏற்றுவார்களா? சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை என் தகப்பனார் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் சொல்வார். அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. மலாய்க்காரர் கம்போங் கபூர் என்றதும் அதே சுண்ணாம்புதான். கிராமத்தைக் குறிக்கும் கம்போங் நம் வாயில் கம்பம் ஆனது. தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அது சொந்த ஊர்ப் பெயராகக் கேட்டிருக்கும். மார்க்கெட் ஸ்திரீட்டைச் செட்டித் தெரு என்றோம். செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு. ஆங்கிலேயர் வரைந்த படங்களில் இந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்குமா? நகருக்கான பழைய திட்டமான ஜாக்சன் வரைபடத்தில் தென்னிந்தியருக்கு ஒதுக்கிய ‘சூலியா கம்போங்’ இருக்கிறது. அதையே பெரிய கருணை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.


ஈசூன், செவ்வாய் இரவு

> அதனால் ‘நிலப்பொருத்தம்’ என்று முன்வைக்கிறேன்.

பொருத்தம் கல்யாணத் தரகரின் சொல். தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ரச்சுப் பொருத்தம் என்று பத்து இருக்கின்றன, பதினொன்றாவது நிலப்பொருத்தமா? பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் சாதகம் பார்த்து முடிச்சுப் போடுவதாக ஆகிவிடும்.

புரிய வேண்டும், புரிய வேண்டும் என்கிறீர்கள். 1990களில் ‘இணையம்’ யாருக்குப் புரிந்தது? 1997இல் இதே ஊரில் தமிழ்நெட் மாநாடு நடந்தபோது அந்தச் சொல்லைச் சொன்னால் எதை இணைக்கிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. இன்று கேட்பார் இல்லை. சொல் முதலில் வரும், புரிதல் பின்னால் வரும்.

சுட்டியால் சுட்டிச் சுட்டுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சொல்லை அடுக்குவது தமிழுக்குப் புதிதன்று.


கிளமெண்டி, புதன் காலை

ஐயா, நீங்கள் விளையாட்டாகச் சொன்னது எங்கள் கணக்கில் அப்படியே இருக்கிறது. படத்தை நேராக இழுத்துத் திருப்பி வைக்கக் குறைந்தது மூன்று புள்ளிகள் போதும். வளைத்துப் பொருத்த இரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவைக்கு ஆறு. மூன்றாம் படிக்குச் சரியாகப் பத்து! தரகர் தோற்றார்.

பொருத்திய பிறகு ஒவ்வொரு புள்ளியும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறது என்று பார்ப்போம். மிச்சம் நிற்கும் அந்தத் தூரத்துக்கும் தமிழ் வேண்டும்.


ஈசூன், புதன் காலை (பதினோரு நிமிடம் கழித்து)

எச்சம்! ‘தக்கார் தகவிலர் என்ப தவரவர் எச்சத்தாற் காணப் படும்.’ நல்ல படமா, கெட்ட படமா என்பது எச்சத்தால் தெரியும். வள்ளுவர் நில அளவையும் படித்திருக்கிறார்.


கிளமெண்டி, புதன் மதியம்

எச்சத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஐயா; அருமை. வள்ளுவரோடு ஒரே ஒரு தகராறு. மூன்று புள்ளி தேவைப்படும் இடத்தில் மூன்றே மூன்று வைத்தால் எச்சம் சுழியமாக வரும். பத்து தேவைப்படும் இடத்தில் பத்தே வைத்தாலும் அப்படித்தான். புள்ளிகள் தப்பான இடத்தில் இருந்தாலும் சுழியம்தான். சரிபார்க்க மிச்சப் புள்ளி இல்லை என்பது மட்டுமே காரணம். பத்துப் பொருத்தமும் பழுதில்லாமல் அமைந்த சாதகத்தைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

தெம்பனிஸ் அண்ணன் பெயர்களைப் பற்றிச் சொன்னார். புள்ளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கையேட்டுக்கு உதவும். ஒரு பயிற்சியில் ஒரு தொண்டூழியர் கட்டடக் கலைஞர் கோல்மன் அளந்து 1836இல் வெளியான நகரப் படத்தில் தெலுக் ஆயர் கரையைத் தொட்டார். இன்றைய படத்திலும் கரையைத் தேடி மரீனா பே ஓரத்தைத் தொட்டார். கரைக்குக் கரை, நியாயம்தானே? ஊரே கடலுக்குள் இழுபட்டுப் போனது. அந்தக் குடா 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தூர்க்கப்பட்டது. பீச் ரோடு பெயரில் மட்டும்தான் இன்று கடற்கரை இருக்கிறது. தீவின் பரப்பு 1960களில் ஏறத்தாழ 581 சதுரக் கிலோமீட்டர்; இப்போது 730க்கு மேல். நம் ஊரில் கரையை நம்பிப் புள்ளி வைக்கக் கூடாது.

நகராதவற்றை நம்ப வேண்டும். 1828க்கும் 1830க்கும் இடையில் கடலைப் பார்த்துக் கட்டிய நாகூர் தர்கா இன்று கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது. 1827இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தன் இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஜாமியா சூலியா பள்ளிவாசலும் இருக்கிறது. நம்மவர் கும்பிட்ட இடங்களே நமக்குப் புள்ளி.

ஜாக்சன் வரைபடத்தை மட்டும் பொருத்தச் சொல்லாதீர்கள், அக்கா. 1822இல் திட்டமாகத் தீட்டி 1828இல் அச்சானது. ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்ததே தவிர இருந்ததை அளந்ததன்று. அதில் உள்ள தெருக்கள் எல்லாம் அப்படியே போடப்படவில்லை. போடாத தெருவின் சந்தியை எங்கே தொடுவது?


பிடோக், புதன் மாலை

அப்படியென்றால் ‘பொருத்தம்’ என்ற பெயர் இன்னும் மோசம். பொருந்தாதவற்றுக்கும் அதே பொத்தானை அழுத்தத்தானே போகிறார்கள்? பிணைப்பு என்றால் கட்டியிருக்கிறது என்று மட்டும் பொருள். நன்றாகக் கட்டியிருக்கிறதா என்பது வேறு கதை. இன்னொன்றும் கேட்கிறேன். 2004இல் நம் ஊர் எஸ்விஒய்21 என்ற புதிய ஆள்கூற்று முறைக்கு மாறியது. அதற்கு முன் காசினி முறை. நிலம் அங்கேயே இருந்தது, எண்கள் மாறின. ‘நிலம்’ என்ற சொல் இதை எப்படிச் சொல்லும்?

பதில் எழுதுவதற்கு முன்னால், தம்பி, ஆளைக் கூறு போடும் பகிடி நான் வளாகத்தில் படித்தபோதே பழசு.


உட்லண்ட்ஸ், வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. முப்பத்தொரு மடல்கள் வந்துவிட்டன. அதில் ஏழு சோழர்களைப் பற்றியவை.

நேற்று என் அம்மாவிடமும் அவருடைய தோழிகள் இருவரிடமும் காட்டினேன். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். தொண்டூழியத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள். ‘நிலச்சுட்டு’ என்றதும் ‘வெயிலைச் சொல்கிறாயா?’ என்றார் ஒருவர். ‘நிலப்பொருத்தம்’ என்றதும் அம்மா, ‘வீடு வாங்கும்போது பார்ப்பார்களே, மனையடி சாத்திரம், அதுதானே?’ என்று கேட்டார். ‘ஆள்கூற்றுப் பிணைப்பு’ என்றதும் மூவரும் மரியாதையாக மௌனமாக இருந்தார்கள். ‘உலகளத்தல்’ அவர்களுக்கு மிகவும் பிடித்தது. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை.

கடைசியில் ‘இந்தப் படத்தை நிலத்தில் பொருத்துக’ என்று எழுதிக் காட்டினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. திரையைத் தன் பக்கம் இழுத்து மாரியம்மன் கோயிலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அதனால் பொத்தானில் அதுவே போகிறது. பெயர்ச்சொல் தேவைப்படும் இடங்களில் ‘நிலப்பொருத்தல்’. பொருத்தம் என்று எழுதவில்லை, ஐயா, தரகரை வெளியே நிறுத்திவிட்டேன். புள்ளிகளுக்கு ‘பொருத்துபுள்ளி’. எச்சம் உங்களுடையது. பிடோக் அக்கா சொன்ன எண்முறை மாற்றத்துக்குக் கையேட்டில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அங்கே ‘ஆள்கூறு’ என்று எழுதி, தமிழ்நாட்டில் ஆயத்தொலைவு என்பார்கள் என்று விளக்கியிருக்கிறேன்.


ஈசூன், வெள்ளி காலை

பொருத்துபுள்ளி வினைத்தொகை. அதில் குறையில்லை, வல்லினம் மிகாமல் எழுதியதற்கு மகிழ்ச்சி. நிலப்பொருத்தலை நான் ஏற்கவில்லை என்பதைக் குழுவின் ஏட்டில் பதிந்துகொள்ளுங்கள். சுட்டாமல் பொருத்த முடியாது. முதலில் தொடுவது சுட்டல், அதன் விளைவே பொருத்தல். விளைவின் பெயரை வினைக்கு வைத்திருக்கிறீர்கள். ஐந்து ஆண்டு கழித்து யாராவது மாற்றக் கேட்பார்கள். அன்றும் நான் இருந்தால் இதையே எழுதுவேன்.


கிளமெண்டி, வெள்ளி மதியம்

அக்கா, மன்னிக்க வேண்டும். கையேட்டின் 9ஆம் பக்கத்தில் ‘ரப்பர் ஷீட்டிங்’ என்று ஒன்று அப்படியே நிற்கிறது. புள்ளிக்குப் புள்ளி படத்தை வெவ்வேறு அளவில் இழுத்துப் பொருத்தும் முறை அது. மணி இப்போது இரண்டு.


தெம்பனிஸ், வெள்ளி மதியம்

ரப்பர் தகடா? ஜொகூர் தோட்டத்தில் என் தகப்பனார் அடித்ததே அதுதான். அங்கே யாரும் ரப்பர் என்று சொன்னதில்லை, தம்பி. கித்தா. அது மலாய்ச் சொல்லான கெத்தாவிலிருந்து வந்தது, ஆனால் அதற்கும் முன்னால்…