எண்ணங்களில் நடக்கும் ஆவிக்குரிய போராட்டம்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் (அனுபவப் பகிர்வு)

பனைநிழல் எழுதியது:

அமாவாசைக்கு மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது, எங்கள் வாசற்படியில் இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழமும், கரியால் கோடு போட்ட ஒரு முட்டையும் கிடந்தன. நம் ஊர்ப்பக்கத்தில் இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வைத்தவர் யார் என்பதிலும் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. பொதுச்சுவர்த் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்ட சித்தியின் வீடு அடுத்த கதவு.

நான் ஞானஸ்நானம் எடுத்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பு, இதே வீட்டின் நிலைப்படிக்குக் கீழே ஆறாயிரம் ரூபாய் செலவழித்துச் செப்புத் தகடு புதைத்து வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. ஞானஸ்நானத்துக்கு முந்தைய வாரம் நானே கடப்பாரையால் அதைத் தோண்டி எடுத்தேன். பச்சைக் களிம்பு ஏறி, கட்டங்களுக்குள் இருந்த எண்கள் பாதி அழிந்துபோயிருந்தன. எபேசு பட்டணத்தார் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமான மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்ததை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தகடுதான் என் நினைவுக்கு வரும். பயம் அன்றோடு தொலைந்தது என்று சபையில் சாட்சியும் சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை என் கால் அந்தப் பழத்தைத் தாண்ட மறுத்தது. நான் சுவரோரமாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். ஆனால் இதை எழுத வைத்தது அந்தப் பயம் அல்ல. அந்த இரண்டு மூன்று அடிகளுக்குள், "வைத்தது வைத்தவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போகட்டும்" என்று நான் முணுமுணுத்து, "இயேசுவின் நாமத்தில், ஆமென்" என்று முடித்திருந்தேன். தகடு எழுதிக்கொடுத்தவரும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்; கடைசி வரி மட்டும் வேறு. நிலைப்படியிலிருந்து தோண்டி எடுத்தது என் தலைக்குள் அப்படியே புதைந்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் குளிர்ந்துவிட்டது. நமக்குள்ள போராட்டம் மனிதரோடு அல்ல என்று சொல்லும் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்ற எபேசியர் 6:12-ஐ நான் எத்தனையோ முறை ஒப்புவித்திருக்கிறேன். சித்தியும் அந்த "அல்ல" என்பதற்குள் அடங்குவார் என்று அன்றுவரை ஒருமுறைகூட எண்ணியதில்லை.

திரும்பி வந்து, பழத்தையும் முட்டையையும் வெறுங்கையால் எடுத்துச் செய்தித்தாளில் சுருட்டினேன். அந்த நேரத்தில் சித்தி துடைப்பத்தோடு வெளியே வந்தார். என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதும் கையில் எலுமிச்சை மணம் இருந்தது.

விழித்திரு எழுதியது:

சகோதரருடைய சாட்சிக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். 1998-இல் ஒரு கிராமத்தில் நாங்கள் நால்வர் ஒரு பெண்பிள்ளைக்காக இரவு முழுவதும் ஜெபித்தோம். அவள் ஆண் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அதிகாலை மூன்று மணி அளவில் சட்டென்று அமைதியாகி, தன் சொந்தக் குரலில், "பசிக்கிறது, சோறு இருக்கிறதா" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியாது.

ஆனால் சகோதரர் செய்ததில் ஒரு குறை இருக்கிறது, அன்பினால் சொல்கிறேன். வெறுங்கையால் எடுத்தது துணிச்சலாக இருக்கலாம். முதலில் குடும்பமாக முழங்கால்படியிட்டிருக்க வேண்டும். "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்பதே யாக்கோபு 4:7 வைக்கும் வரிசை, எதிர்த்து நிற்பது இரண்டாவதாக வருகிறது. அதே அப்போஸ்தலர் 19-இல் வரும் ஸ்கேவாவின் ஏழு குமாரரும் பேயை ஓட்ட இயேசுவின் நாமத்தை உச்சரித்தார்கள்; காயப்பட்டு நிர்வாணிகளாய் அந்த வீட்டைவிட்டு ஓடினார்கள். ஆகவே மூன்று நாள் உபவாசம் எடுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையிலும் வேதவசனத்தைச் சத்தமாக வாசியுங்கள். பழைய சாமான்களில் வேறு ஏதேனும் தாயத்து, கயிறு, மந்திரித்த எண்ணெய் இருக்கிறதா என்று பரண் வரைக்கும் தேடிப் பாருங்கள். அசுத்த ஆவி திரும்பி வந்து தன் வீடு வெறுமையாகவும் பெருக்கி ஜோடிக்கப்பட்டதாகவும் இருக்கக் கண்டது என்று மத்தேயு 12-இல் ஆண்டவர் சொன்னாரே. பெருக்கி வைத்தது போதாது, குடியிருக்க ஒருவர் வேண்டும். பிள்ளைகள் தூங்குமுன் அவர்கள் தலையில் கைவைத்து ஜெபியுங்கள். தொலைக்காட்சியில் ஓடும் பேய்த் தொடர்களை நிறுத்துங்கள். இன்று எதற்கெடுத்தாலும் மனநோய் என்று பெயர் வைத்து மாத்திரை கொடுக்கும் காலமாகிவிட்டது. விசுவாசிகளே அதன் பின்னால் போவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. சகோதரர் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் காலும் சுற்றிப் போகாது.

மாலைத்தென்றல் எழுதியது:

என்னுடைய சம்பவம் ஆலயத்திலேயே நடந்தது. நான் அக்காவிடம் இரவல் வாங்கிய இரண்டு பவுன் சங்கிலியைத் தொலைத்துவிட்டதாகப் பொய் சொல்லி, அடகு வைத்து, மூழ்கவும் விட்டவள். மனந்திரும்பிய பிறகு அந்தப் பாவம் ஒரு முள்ளைப்போல் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் பதினான்கு மாதம் சீட்டுக் கட்டி அதே எடையில் சங்கிலி வாங்கி, உண்மையைச் சொல்லி அக்காவின் கையில் கொடுத்தேன். அக்கா அழுதார், திட்டினார், பிறகு சாப்பாடு போட்டார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு முழங்கால்படியிட்டிருந்தேன். ஐயர் (எங்கள் போதகர்) என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்த அந்தக் கணத்தில், தகுதியில்லாமல் உண்பவனைக் கண்டிக்கும் "அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன்" என்ற வசனம் என் தலைக்குள் அறைந்தாற்போல் கேட்டது. கூடவே, "நீ திருடி, திருடிதான்" என்றும் கேட்டது. உண்ணாமல் கையை மூடிக்கொண்டேன். வியர்வையில் அப்பம் நனைந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வரிசை வந்து முழங்கால்படியிட்டது. நான் மட்டும் அங்கேயே இருந்தேன்.

அப்போதுதான் ஒரு வேறுபாடு எனக்குப் புலப்பட்டது. முன்பு உறுத்திய குரல், "அந்தச் சங்கிலியைத் திருப்பிக் கொடு" என்று ஒரு பொருளை, ஒரு ஆளை, ஒரு வழியைக் காட்டியது. செய்து முடித்ததும் ஓய்ந்தது. இப்போது வந்த குரலுக்குச் செய்யச் சொல்ல ஒன்றுமே இல்லை. நான் யார் என்று தீர்ப்புச் சொல்வது மட்டுமே அதற்கு வேலை. வெளிப்படுத்தின விசேஷம் 12-இல் வருகிற, இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சாட்டுகிறவனாகிய சாத்தான் வேதவசனத்தோடுதான் வருவான் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வனாந்தரத்தில் நம் ஆண்டவரிடமே அவன் 91-ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டியவன் ஆயிற்றே! "கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, கையில் ஒட்டியிருந்ததைப் பிட்டுப் பிட்டு எடுத்து உண்டேன். ஐயர் இரண்டாவது முறையும் அப்பத்தை நீட்டினார்; தலையை அசைத்தேன். வேதத்தை மனப்பாடம் செய்வது நல்லதுதான், ஆனால் எந்த வசனம் யார் வாயிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் தொடங்கியது.

ஒற்றைச் சிறகு எழுதியது:

விழித்திரு ஐயாவுக்கு மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும்: மாத்திரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் போன்ற ஒரு வார்த்தையைக் கேட்டு நான் பதினொரு நாள் தூங்காமல் இருந்தவன்.

ஆராதனை நேரத்தில் ஆண்டவரைப் பற்றிய அருவருப்பான வார்த்தைகள் என் மனதில் தாமாக எழும். நான் விரும்பி நினைப்பவை அல்ல. தடுக்கத் தடுக்கப் பெருகுபவை. மருத்துவர் அதற்கு ஓ.சி.டி. (வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) என்று பெயர் சொல்லி மருந்து கொடுத்திருந்தார். ஒரு கூட்டத்தில், மருந்து அவிசுவாசத்தின் அடையாளம் என்று சொல்லி நிறுத்தச் செய்து, ஆறு பேர் என்னைச் சுற்றி நின்று, தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "உன் பெயர் என்ன, சொல்" என்று இரண்டு மணி நேரம் கேட்டார்கள். அந்த ஆவியின் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்று புரிந்தது. என் கழுத்து வலித்தது, தாகமாக இருந்தது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. ஆகவே நான் ஒரு பெயரைக் கற்பனை செய்து சொன்னேன். மண்டபமே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பு இன்றும் என் காதில் கேட்கிறது. பொய் சொன்னது நான், விடுதலை கிடைத்ததாகச் சாட்சி சொன்னது அவர்கள்.

பன்னிரண்டாம் நாள் என் தங்கை என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒரு விசுவாசி. "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் பேயின் பெயரையும் கேட்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து இரண்டு முறை சாப்பிடச் சொன்னான் என்று சொல்லிவிட்டு, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஐயா, நீங்கள் ஜெபித்த அந்தப் பெண்பிள்ளையும் சோறுதானே கேட்டாள்?

"எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்கள்" என்ற 2 கொரிந்தியர் 10:5-ஐ நான் நெடுநாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். மனதில் தோன்றும் ஒவ்வொரு வார்த்தையோடும் மல்யுத்தம் செய்ய வேண்டும் என்று எண்ணி, அந்த மல்யுத்தத்தினாலேயே அவற்றுக்குத் தீனி போட்டேன். பவுல் அந்த இடத்தில் சொல்வது தர்க்கங்களையும், தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாய் எழும்புகிற மேட்டிமையையும் பற்றி. என் தலைக்குள் ஓடியது மேட்டிமை அல்ல, விக்கல். விக்கலைச் சிறைப்படுத்த முடியாது. பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் பனியனும், கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் தன்னை விடாமல் துரத்தியதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார் என்று பிற்பாடு அறிந்தபோது எனக்கு உண்டான ஆறுதல் கொஞ்சமல்ல. இரட்சிப்பு என் சிந்தையில் உண்டாக்கிய மாற்றம் என்று கேட்டால், அந்த வார்த்தைகள் போய்விட்டன என்று சொல்ல மாட்டேன். அவை வரும்போது, நான் கைவிடப்பட்டேன் என்ற முடிவுக்கு இப்போது போவதில்லை. மாத்திரையையும் தொடர்கிறேன்.

மணியடிக்கிறவர் எழுதியது:

நான் ஞாயிறு பள்ளி ஆசிரியர். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு முறை, எபேசியர் 6 சொல்லும் தேவனுடைய போர்க்கவசங்களாகிய சர்வாயுதவர்க்கம் பற்றிப் பாடம் நடத்தினோம். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, மார்க்கவசம், கேடகம், தலைச்சீரா (தலைக்கவசம்) எல்லாம் செய்தோம். தலைச்சீராவைப் பற்றி நான் நன்றாகத் தயாரித்திருந்தேன்: ஏசாயா 59:17-இல் அதை முதலில் தரித்துக்கொண்டவர் கர்த்தர்தாம் என்பதையும், பவுல் 1 தெசலோனிக்கேயரில் அதை இரட்சிப்பின் நம்பிக்கை என்று விரித்துச் சொல்கிறார் என்பதையும், தலைக்கு வருகிற அடி நினைவுக்கு வருகிற அடி என்பதையும் படம் வரைந்து விளக்கினேன். பெருமையாகவே இருந்தது.

முடிவு நாளில் எல்லாப் பிள்ளைகளும் கவசங்களைக் கொண்டுவந்தார்கள். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் தலைச்சீரா மட்டும் ஒரு பக்கம் நசுங்கிக் கிழிந்திருந்தது. விளையாடிக் கிழித்துவிட்டாயா என்று கேட்டேன். அப்பா குடித்துவிட்டு வரும் நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டு படுப்பதாகச் சொன்னாள். அட்டையின் உட்புறத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

பனைநிழல் சகோதரர் எழுதியதை நான் மதிக்கிறேன். அவருடைய சித்தி விரோதி அல்லர் என்பது சரி. ஆனால் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்ற வரியை நான் ஐந்து நாளாக அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவளை அடித்ததோ மாம்சமும் இரத்தமும் உள்ள கை. அன்று மாலையே ஐயரிடமும் அவள் பாட்டியிடமும் பேசினேன். பிள்ளை பாட்டி வீட்டில் வளர்கிறாள். அந்த மனிதருக்காக நான் ஜெபிப்பதும் உண்டு, கட்டாயம் உண்டு. இருந்தாலும், அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நடத்தும் ஒவ்வொரு முறையும், வீட்டில் யாராவது அடித்தால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பாடத்தின் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விழித்திரு எழுதியது:

மாத்திரையைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்; தம்பி மன்னிக்க வேண்டும். பிசாசு உண்டு என்பதையும், ஜெபத்தில் கட்டுகள் அறுபடுகின்றன என்பதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆயினும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்பிள்ளைக்கு அன்று அதிகாலையில் சோறு கொடுத்தார்களா என்று எனக்கு நினைவில்லை. நாங்கள் துதிப்பாடல் பாடிக்கொண்டிருந்தோம். லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்திருந்தவன் வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான் என்று மாற்கு 5-இல் வாசிக்கிறோம். அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க நான் அந்த ஊருக்கு மறுபடியும் போகவே இல்லை.

பனைநிழல் எழுதியது:

ஐயா, பரணில் தேடினேன்; பித்தளைக் குத்துவிளக்கும் தாத்தாவின் குடையும்தான் இருந்தன. மணியடிக்கிறவர் சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சுவர்த் தகராறு இன்னும் முடியவில்லை. அளவைக்காரர் வரும் நாளில் என் பக்கத்து நியாயத்தை நான் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் எழுதாமல் விட்ட ஒன்று. சபையில் இந்தச் சம்பவத்தை இரண்டு முறை சாட்சியாகச் சொன்னேன்; இரண்டு முறையும், சுற்றிக்கொண்டு போனதையும் அந்தச் சாப ஜெபத்தையும் விழுங்கிவிட்டு, வெறுங்கையால் எடுத்ததை மட்டும் சொன்னேன். அதற்கு அடுத்த அமாவாசை கழிந்த காலையில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தேன். எங்கள் வாசலில் ஒன்றும் இல்லை. கைவிளக்கை அணைக்காமல், சித்தி வீட்டு வாசற்படியிலும் ஏதேனும் கிடக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்.