காடைக் குஞ்சுகள் இரவில குமிஞ்சு கிடந்து சாகுது, பல்ப் போட்டும் சரிவரேல்ல. உதவி வேணும்

வெள்ளவத்தை_மாடி:
எல்லாருக்கும் வணக்கம். பிளாட்ல இன்கியுபேட்டரில ஜப்பான் காடை முட்டை வச்சனாங்கள், 17ஆம் நாள் பொரிக்கத் தொடங்கி அடுத்த நாளோட முக்கால்வாசி வெளிய வந்திட்டுது, முதல்ல நல்லா ஓடித் திரிஞ்சுதுகள். இப்ப மூண்டாம் நாள், விடிய எழும்பிப் பாத்தா மூலையில ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடக்குதுகள், அடியில கிடந்ததுகள் செத்துப்போச்சு. தம்பி அழுதுகொண்டு பள்ளிக்கூடம் போனவன்.
மீன்கடை ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிதான், அடியில நியூஸ்பேப்பர், மேல 60 வாட் பல்ப். பகல்ல கொழும்பு வெக்கை காணும்தானே எண்டு பல்பை நிப்பாட்டுறம். தெர்மோமீட்டர் உள்சுவரில மேல ஒட்டியிருக்கு, பல்ப் எரியேக்க 36 காட்டுது. சாப்பாடு லேயர் மாஷ், குஞ்சுக்கெண்டு கேக்க கடையில அதைத்தான் தந்தவை. தண்ணி ஜாம் போத்தல் மூடியில. ஒரு குஞ்சுக்கு ரெண்டு காலும் பக்கத்துக்கு விரிஞ்சு எழும்ப ஏலாமக் கிடக்கு. அன்டிபயோடிக் பவுடர் தண்ணியில கலந்து குடுக்கச் சொல்லி ஒராள் சொல்றார். குடுக்கலாமோ? தயவுசெய்து தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

தெமட்டகொட_காடை:
தங்கச்சி, மருந்த இப்ப தொட வேணாம், முதல்ல சூட்டப் பாருங்க. குஞ்சு மூலையில குமிஞ்சா அதுக்குக் குளிருது, வேற ஒண்ணுமில்ல. பல்ப விட்டுத் தூரப் போய் செட்டய விரிச்சி வாயத் தொறந்து மூச்சு வாங்கினா சூடு கூட. பெட்டி முழுக்கப் பரவி கொஞ்சம் தின்னுறதும் கொஞ்சம் தூங்குறதுமா இருந்தா சரியான சூடு. தெர்மோமீட்டர விடக் குஞ்சுதான் சரியாச் சொல்லும், நான் எப்பவும் அதத்தான் பாக்குற.
உங்கட தெர்மோமீட்டர் மேல இருக்கிறதால பல்ப் பக்கத்துச் சூட்டக் காட்டுது, குஞ்சு நிக்கிறது தரையில. அதக் கழட்டி குஞ்சுட முதுகு உயரத்துக்குப் பல்புக்கு நேர் கீழ வைங்க. முதல் கிழமை அங்க 35லேருந்து 37 பாகை வரணும், பொறகு கிழமைக்கு 3 பாகை மாதிரி குறைச்சிட்டுப் போங்க. பொரிக்கக்குள்ள ஒரு காடைக் குஞ்சு 6, 7 கிராம்தான், அந்தச் சின்ன உடம்புல சூடு நிக்காது. கொழும்புப் பகல் 31, 32 எங்களுக்குத்தான் வெக்கை, அதுக்குக் குளிர். பகல்லயும் பல்ப் வேணும். ஆனா பெட்டி நடுவுல தொங்கவிட வேணாம், ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்க, மத்தப் பக்கம் குளிரா இருக்கட்டும், குஞ்சு தனக்குத் தோதான எடத்த எடுத்துக்கும். மூடிய முழுசா மூடினா பகல்ல வெந்துரும், மூத்திர வாடையும் உள்ளயே நிக்கும், பாதி தொறந்து வைங்க. பல்ப் ரெஜிபோம்ல படவே கூடாது, உருகி நெருப்புப் புடிச்சிரும். பேனுக்குக் கீழ பெட்டி இருந்தா இப்பவே நகத்துங்க.
இன்னொண்ணு, பல்ப் மாத்த வந்தா எல்ஈடி வாங்கிராதீங்க, அதுல வெளிச்சம் மட்டும்தான், சூடு இல்ல.

வத்தளை_பண்ணை:
எனக்கென்னவோ இது ரத்தக் கழிச்சலா இருக்கலாம்னு தோணுது, மருந்து போட்டா நல்லதுதானே? நம்ம பக்கம் ஒரு தடவை பாதிக் கூடு போச்சு.

தெமட்டகொட_காடை:
இல்ல நானா, மூணு நாள் குஞ்சுக்கு அது வந்து காட்டுறதுக்கே நேரம் காணாது, ரெண்டாம் மூணாம் கிழமையில ஈரப் படுக்கையில வளர்ற குஞ்சுக்குத்தான் அது பயம். எல்லா அன்டிபயோடிக்கும் அதுக்கு மருந்தும் இல்ல. கண்டபடி கலந்தா கசப்புக்குத் தண்ணி குடிக்காம வேற சாகும். சூடு சரியாகியும் செத்தா, செத்த குஞ்ச ஐஸ்ல வச்சி அரச மிருக வைத்தியர் ஒபிசுக்குக் கொண்டுபோய்க் காட்டுறதுதான் சரி.

கொட்டாஞ்சேனை_அக்கா:
சாப்பாட்டையும் மாத்துங்க. லேயர் மாஷ் முட்டையிடுற கோழிக்குச் செஞ்சது, கல்சியம் நிறைய, புரதம் குறைவு. காடைக் குஞ்சுக்கு 24 வீதத்துக்கு மேல புரதம் வேணும், அந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு சுண்ணாம்பு சிறுநீரகத்தக் கெடுக்கும். புரொய்லர் ஸ்டாட்டர், அதான் இறைச்சிக் கோழிக் குஞ்சுக்குப் போடுற தீன், வாங்கி மிக்சியில அரைச்சு, தேத்தண்ணி வடியில சலிச்சுத் தூவுங்க. அதுல புரதம் கொஞ்சம் குறைவு, அதனால முதல் கிழமை அவிச்ச முட்டைய நல்லாத் துருவி கூடச் சேருங்க, ஆனா ஒரு மணித்தியாலத்துல எடுத்துருங்க, நம்ம ஊர்ச் சூட்டுக்கு உடனே பழுதாகும். மூணாம் நாள் சாகுறதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம், பொரிக்கும்போது வயித்துக்குள்ள இழுத்த மஞ்சட்கரு ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிடும், அதுக்குள்ள தின்னப் பழகாத குஞ்சு நாலாம் நாளோட போயிடும். விரலால தரையில தட்டிக் காட்டுங்க, தாய் கொத்துற மாதிரி, ஓடி வரும்.
தண்ணி மூடியில சின்னக் கூழாங்கல்ல நிரப்புங்க. இல்லாட்டி விழுந்து நனையும், நனைஞ்ச குஞ்சு சூடு இல்லாம அப்பிடியே போயிடும்.
நியூஸ்பேப்பர் வழுக்கும், அந்தக் கால் விரிஞ்சதும் அதனாலதான். சொரசொரப்பான பழைய துவாய் விரிங்க. நூல் தொங்கினா நகத்துல மாட்டும், அத மட்டும் பாருங்க. மரத்தூள் இப்ப போடாதீங்க, தின்னுடும், பூஞ்சணம் புடிச்ச தூள்னா நெஞ்சுக்கும் கூடாது. விரிஞ்ச காலுக்கு, காயத்துக்குப் போடுற பிளாஸ்டர நூல் மாதிரி மெல்லிசா வெட்டி, ரெண்டு காலையும் இயல்பா நிக்கிற அகலத்துக்கு எட்டு வடிவத்துல சேத்துக் கட்டுங்க. இறுக்கக் கூடாது. ரெண்டு மூணு நாள்ல கழட்டிப் பாருங்க. எலும்பு இளசா இருக்குறப்பவே செஞ்சாத்தான் சரி வரும், இண்டைக்கே செய்ங்க.

வெள்ளவத்தை_மாடி:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. தெர்மோமீட்டரைத் தரைக்கு இறக்கினா 29, எனக்கு நெஞ்சு பகீரெண்டுது. பல்பைக் கீழ இறக்கி ஒதுக்கிக் கட்டினவுடன ஒரு மணித்தியாலத்துக்குள்ள குமிஞ்சதுகள் கலைஞ்சு பரவிட்டுதுகள், கீச்சுக் கீச்செண்டு கத்தினதும் நிண்டிட்டுது. ரா முழுக்க ஒண்டும் சாகேல்ல. ஸ்டாட்டரும் அரைச்சுப் போட்டாச்சு. கால் கட்டின குஞ்சு விழுந்து விழுந்து எழும்புது, ஆனா தண்ணிக்கு வருது.
ஒரு கேள்வி, எங்கட பக்கம் மழைக்குக் கரண்ட் போனா என்ன செய்யிறது?

தெமட்டகொட_காடை:
சந்தோசம் தங்கச்சி. பிளாஸ்டிக் போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி, மூடிய இறுக்கி, துணியால சுத்தி நடுவுல வைங்க, பெட்டிய முக்கால்வாசி மூடி மேல ஒரு சாரத்தப் போடுங்க, காத்து போக இடைவெளி இருக்கட்டும். அரை மணிக்கு ஒருக்காத் தொட்டுப் பாத்து தண்ணிய மாத்துங்க. குஞ்சு போத்தல அண்டிப் படுக்கும்.
பத்து நாள் மாதிரில பறக்கத் தொடங்கும், அதுக்கு முந்தி மேல வலை அடிச்சிருங்க, பிளாட்ல எலி வரும், பல்கனியில வச்சா காகம் விடாது. மூணாம் கிழமைக்குள்ள இறகு வந்திரும், அப்ப பகல்ல பல்ப நிப்பாட்டலாம், மழை இரவுக்கு மட்டும் போடுங்க.

வெள்ளவத்தை_மாடி:
சரி அண்ணா, தம்பியிட்ட இண்டைக்கே வலை வாங்கச் சொல்றன்.