மறுமொழி: 'பண்டிற்' தமிழில் என்ன? நாளைக்கு அச்சு

கிளிநொச்சி ஆசிரியர்:
வணக்கம். எங்கட பாடசாலை விளையாட்டு மலரில் இங்கிலாந்து உதைபந்தாட்ட வீரர் அலன் ஷியரர் பற்றி ஒரு கட்டுரை. ஆடின காலத்தில் சிக்கலில்லை: பிளக்பேர்ண் கழகத்தோடு 1994–95 சம்பியன், 1996இல் ஒன்றரைக் கோடி பவுணுக்கு நியூகாசில் கழகம், பிரீமியர் லீக்கில் 260 கோல், 2006இல் ஓய்வு. பிறகுதான் இடறுது. ஆட்டம் முடிய பிபிசியின் 'மட்ச் ஒஃப் த டே' நிகழ்ச்சியில் இருந்து பிழை, சரி பிரிச்சு விளக்குகிறவரைப் 'பண்டிற்' என்கிறார்கள். மாணவி 'வர்ணனையாளர்' என்று எழுதியிருக்கிறா. வர்ணனையாளர் ஆட்டம் நடக்கேக்க கதைக்கிறவரல்லோ?

மல்லாவி:
சேர், அது எங்கட பண்டிதர்தான். வெள்ளைக்காரன் இந்தியாவில எடுத்துக்கொண்டு போன சொல்லு. திருப்பி வாங்குவம்.

முள்ளியவளை (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
தம்பி, பண்டிதர் என்றால் நம் பக்கத்தில் பரீட்சை எழுதித் தேறியவர், நன்னூலைத் தலைகீழாகச் சொல்லுவார். மேலும் அது வடசொல். 'அலசுநர்' என்போம். 'அலசுனர்' என்று அச்சடித்துவிட வேண்டாம்! ஓட்டுநர், இயக்குநர் போல வினையடியோடு சேர்வது -நர். உறுப்பினரில் உள்ளது -இனர், அது வேறு. பேருந்தில் 'நடத்துனர்' என்று எழுதியதைப் பார்க்கும்போதெல்லாம் இறங்கி நடக்கலாம் போலிருக்கும்.

மாங்குளம்:
ஐயா, அலசுநர் எண்டா எங்கட அம்மம்மா, "ஆற்ற உடுப்பு?" எண்டு கேப்பா. விமர்சகர் எண்டு போடுங்கோ.

முள்ளியவளை:
விமர்சனமும் வடமொழிதான். தொல்காப்பியர் வடவெழுத்தை நீக்கி எடுக்க இடம் தந்தார், தமிழ் இருக்கும்போது எடுக்கச் சொல்லவில்லை.

மல்லாவி:
அப்ப பண்டிதரில வடவெழுத்து எங்க இருக்கு?

புதுக்குடியிருப்பு:
சொல்லு கிடக்கட்டும். 2009இல ஷியரர் நியூகாசிலைப் பொறுப்பெடுத்து, 8 ஆட்டத்தில ஒண்டுதான் வெண்டது. கழகம் கீழ்ப்பிரிவுக்குப் போச்சு. அதையும் எழுதின பிறகு பட்டம் குடுங்கோ. அந்த ஏப்ரல், மேயில நாங்கள் ஒண்டும் பாக்கேல்லை, பிறகு வாசிச்சு அறிஞ்சதுதான்.

கிளிநொச்சி ஆசிரியர்:
எட்டு ஆட்டத்தையும் சேர்த்தாச்சு. 'உதைபந்தாட்ட விமர்சகர்' என்று போடுறன், பிள்ளைகளுக்கு விளங்கும். 1999 முதல் 2025 வரை அந்த நிகழ்ச்சியை நடத்தின லினேக்கர் வெறும் 'அறிவிப்பாளர்'. அவருக்கு வேறை சொல் ஒருத்தரும் கிளறாதேங்கோ.

முள்ளியவளை:
போடுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'அறிவிப்பாளர்' பற்றித் தனியே எழுதவேண்டியிருக்கிறது.