நடுவுல மட்டும் குழி விழுற கேக், நாலாவது தடவையும் அப்படியே. யாராவது சொல்லுங்களேன்

ஞாயிறு பேக்கர்:
வணக்கம்ங்க எல்லாருக்கும். ஒரு மாசமா ஞாயித்துக்கிழமை வந்தா கேக் பண்ணிட்டு இருக்கேன், நாலு தடவை ஆச்சு, நாலு தடவையும் ஒரே மாதிரிதான் ஆகுது. ஓவன் உள்ள இருக்கும்போது சூப்பரா உப்பி வருது, கண்ணாடி வழியா பாத்துட்டே நிப்பேன், டின் விளிம்பைத் தாண்டி மேல வர்றப்ப மனசே நிறைஞ்சிடும். வெளிய எடுத்து வச்சு அஞ்சே நிமிஷம், நடுவுல மட்டும் மெதுவா உள்ள இறங்குது, கண்ணு முன்னாடியே கிண்ணம் மாதிரி ஆயிடுது. மேல் பக்கம் ஒரு வெடிப்பு வேற. வெட்டிப் பாத்தா ஓரமெல்லாம் வெந்து வறண்டு உதிருது, நடுவுல அடியில ஒரு விரல் உசரத்துக்கு கொழகொழன்னு பசை மாதிரி ஒட்டுது.

அளவு சொல்றேன். மைதா 2 கப், சர்க்கரை ஒன்றரை கப் போடணும் ஆனா இனிப்பு அதிகம்னு 1 கப்தான் போட்டேன், வெண்ணெய் முக்கால் கப், முட்டை 3, பால் முக்கால் கப், பேக்கிங் பவுடர் 2 ஸ்பூன், வெனிலா எசென்ஸ். 180 டிகிரி, 35 நிமிஷம். ரெசிபில 8 இஞ்ச் வட்ட டின்னு போட்டிருந்துச்சு, என்கிட்ட 6 இஞ்ச்தான் இருக்கு, அதுலயேதான் ஊத்தினேன். சரியா உப்பலையோன்னு நெனச்சு போன வாரம் பேக்கிங் பவுடர் இன்னொரு ஸ்பூன் சேத்துப் பாத்தேன், குழி இன்னும் ஆழமாத்தான் விழுந்துச்சு. இருபதாவது நிமிஷத்துல ஒரு தடவை கதவைத் திறந்து குச்சி குத்திப் பாப்பேன்.

ரெண்டு வாரத்துல பொண்ணுக்கு பிறந்தநாள், நானே கேக் செஞ்சு தரேன்னு சொல்லிட்டேன். வேற ரெசிபி மாத்திடட்டுமா?

அடுப்படி அக்கா:
ரெசிபியை மாத்தாதீங்கம்மா, ரெசிபி மேல தப்பு இல்ல. நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு, அந்த 6 இஞ்ச் டின். 8க்கும் 6க்கும் ரெண்டு இஞ்ச்தானே வித்தியாசம்னு தோணும், ஆனா வட்டத்தோட பரப்பளவு அப்படி ஏறாது, அகலத்தை அகலத்தாலயே பெருக்கித்தான் ஒப்பிடணும், எட்டெட்டு 64, ஆறாறு 36, அப்ப அதே மாவை சின்ன டின்ல ஊத்தினா கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கால் மடங்கு உசரத்துக்கு நிக்கும். அவ்ளோ உசரமான மாவுக்கு சூடு சுத்தியுள்ள ஓரத்துல இருந்து நடுவுக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகும். 35 நிமிஷத்துல ஓரம் வெந்து முடிஞ்சுது, நடுவு பாதியில நிக்குது. உள்ள இருக்கிற காத்தும் ஆவியும் தூக்கிப் பிடிச்சிட்டு இருந்ததாலதான் உப்பின மாதிரி தெரிஞ்சுது, வெளிய எடுத்து சூடு இறங்கினதும் தாங்க ஒண்ணும் இல்ல, அதான் உக்காந்துடுச்சு. கேக்குக்கு எலும்பு மாதிரி நிக்கிறது வெந்த முட்டையும் வெந்த மாவும்தான், அது இறுகறதுக்கு முன்ன எடுத்துட்டோம்னா எவ்ளோ நல்ல ரெசிபியா இருந்தாலும் குழிதான்.

மாவை டின்ல பாதி உசரம், மிஞ்சிப்போனா மூணுல ரெண்டு பங்கு வரைக்கும்தான் ஊத்தணும். இன்னொரு 6 இஞ்ச் டின் கிடைச்சா இதே மாவை ரெண்டா பிரிச்சு ஊத்துங்க, சரியா இருக்கும். அது இல்லன்னா பாதி அளவு பண்ணுங்க. மூணு முட்டையை எப்படி பாதியாக்குறதுன்னு கேப்பீங்க, மூணையும் அடிச்சு எடை போட்டு பாதி எடுத்துக்கங்க, ஓடு இல்லாம ஒரு முட்டை சுமாரா 50 கிராம் வரும், அப்ப 75 கிராம்.

பேக்கிங் பவுடரைக் கூட்டினது இன்னொரு தப்பு. எல்லாரும் பண்றதுதான், அமுங்குதுன்னா உப்ப வைக்கிறதைக் கூட்டணும்னுதான் தோணும். ஆனா அதிகமானா குமிழி ரொம்பப் பெருசாகி ஒண்ணோட ஒண்ணு சேந்து உடைஞ்சிடும், சுத்தி இருக்கிற மாவு இறுகறதுக்குள்ள காத்து வெளிய போயிடும். ஒரு கப் மைதாவுக்கு 1ல இருந்து ஒண்ணேகால் டீஸ்பூன் போதும். டீஸ்பூன்னா 5 மில்லி அளவு ஸ்பூன், டப்பால கிடக்கிற ஸ்பூன்ல குவிச்சு எடுத்தா அது ரெண்டு டீஸ்பூன் கூட வந்துடும், அதைப் பாருங்க.

தராசு:
அக்கா சொன்ன டின் விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா எனக்கு வேற ஒண்ணும் உறுத்துது, மேல வெடிச்சிருக்கு, ஓரம் வறண்டிருக்கு, ஆனா நடு வேகலன்னு சொல்றீங்க. இது உங்க ஓவன் நீங்க வைக்கிற டிகிரியை விட அதிகமா சூடாகுதுங்கிறதுக்கு அடையாளம். மேல் தோல் சீக்கிரம் இறுகிடும், உள்ள இருக்கிற மாவு அப்புறமா பொங்கி அந்தத் தோலைக் கிழிச்சிட்டு வெளிய வரும், அதான் வெடிப்பு. சின்ன ஓவன்ல சூடாகுற கம்பி, டின்னுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கும், சொல்லவே வேணாம்.

ஓவன் தெர்மாமீட்டர்னு தனியா விக்கும், வாங்கி கம்பித் தட்டு மேல நிக்க வச்சு 20 நிமிஷம் காலி ஓவனை ஓட விட்டுப் பாருங்க. லைட் அணைஞ்சா சூடாயிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க, அப்ப காத்துதான் சூடாகி இருக்கும், ஓவன் சுவரு இன்னும் ஆகியிருக்காது. என் ஓவன்ல 180 வச்சா 205 காட்டுச்சு, ரெண்டு வருஷம் அது தெரியாமலே கேக் பண்ணி எல்லாத்தையும் முட்டை மேலயும் மைதா மேலயும் பழி போட்டுட்டு இருந்தேன். ஃபேன் ஓடுற ஓவன்னா ரெசிபில சொன்னதை விட 20 டிகிரி குறைச்சு வைக்கணும். கறுப்பு டின்னா இன்னும் ஒரு 10 குறைங்க, அது சூட்டை வேகமா இழுக்கும்.

அப்புறம் மைதா கப்ல அளக்குறது. மாவு டப்பாக்குள்ள கப்பை விட்டு அள்ளினா அமுங்கி 150 கிராம் வரைக்கும் ஏறும், ஸ்பூன்ல எடுத்து மெதுவா கப்ல போட்டு மேல கத்தியால வழிச்சு விட்டா 120, 125தான். 2 கப்புக்கு 50 கிராம் வித்தியாசம் வந்தா அது வேற கேக்காவே ஆயிடும், வறண்டு போறதுக்கு அதுவும் ஒரு காரணம். சின்ன தராசு ஒண்ணு வாங்கிடுங்க, கேக்குக்காக வாங்கினதுல எனக்கு அதிகம் உதவினது அதுதான்.

சர்க்கரையையும் மூணுல ஒரு பங்கு குறைச்சிருக்கீங்க. அது இனிப்புக்கு மட்டும் இல்லைங்க, ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறது, கேக்கை மெத்துன்னு வைக்கிறது எல்லாம் அதுதான், வெண்ணெயோட சேத்து அடிக்கும்போது காத்தைச் சேக்குறதும் அதோட வேலைதான். கொஞ்சம் குறைக்கலாம், இவ்ளோ வேணாம்.

மாவும் முட்டையும்:
கதவைத் திறக்கிறதைப் பத்தி யாரும் சொல்லலையே. இருபதாவது நிமிஷத்துல திறந்தா உள்ள இருக்கிற சூடு சட்டுனு இறங்கிடும், அந்த நேரத்துல மாவு இன்னும் தண்ணியாத்தான் இருக்கும், அதுலயும் சின்ன ஓவன்னா சூடு மொத்தமும் வெளிய வந்துடும். மொத்த நேரத்துல முக்கால்வாசி போற வரைக்கும் தொடவே தொடாதீங்க. குச்சியை நட்ட நடுவுல அடி வரைக்கும் குத்தணும், கொஞ்சம் ஓரமா குத்தினா சுத்தமா வந்து ஏமாத்திடும். ரெண்டு மூணு ஈரத் துணுக்கு ஒட்டி வந்தா சரி, வழவழன்னு மாவு வந்தா இன்னும் விடணும். விரலால மெல்ல அமுக்கினா மேல எழும்பி வரணும், ஓரம் டின்னை விட்டு லேசா விலகியிருக்கணும். குத்துற தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 96ல இருந்து 99 டிகிரி காட்டினா வெந்துடுச்சு, இதுக்கு மேல சந்தேகமே வேணாம்.

பேக்கிங் பவுடர் பழசான்னும் பாத்துக்கங்க, அரை டீஸ்பூன் பவுடர் மேல கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துங்க, உடனே பொசுபொசுன்னு நுரைச்சு வரணும். நாலஞ்சு குமிழி வந்து அடங்கிட்டா தூக்கிப் போட்டுடுங்க. பேக்கிங் சோடாவா இருந்தா தண்ணிக்குப் பதிலா வினிகரோ எலுமிச்சை சாறோ விட்டுப் பாக்கணும். சிலர் பவுடர் இல்லன்னு அதே அளவுக்கு சோடா போடுவாங்க, அது மூணு நாலு மடங்கு வீரியம், புளிப்பா ஏதாவது கூட இல்லன்னா சோப்பு மாதிரி ஒரு ருசி வரும்.

ஞாயிறு பேக்கர்:
எவ்ளோ பொறுமையா எழுதியிருக்கீங்க எல்லாரும், ரொம்ப ரொம்ப நன்றி. தெர்மாமீட்டர் வாங்கிட்டேன். 180 வச்சேன், 210 காட்டுது!! அப்படியே நின்னுட்டேன். திருகியைக் குறைச்சுக் குறைச்சு வச்சுப் பாத்தேன், 150 கிட்ட வச்சாதான் உள்ள 175 வருது.

இன்னைக்கு பாதி அளவு போட்டு பண்றேன். ஆனா வெண்ணெய் சர்க்கரை அடிச்சு முட்டை சேத்ததும் திரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு, திப்பி திப்பியா தண்ணி பிரிஞ்சு நிக்குது. இதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கணுமா?

அடுப்படி அக்கா:
போடாதீங்க போடாதீங்க, ஒண்ணும் ஆகல. முட்டையை ஃபிரிட்ஜ்ல இருந்து அப்படியே எடுத்து ஊத்தியிருப்பீங்க, வெண்ணெய் குளிர்ந்து இறுகி தண்ணியை விட்டுடுச்சு. அளந்து வச்ச மைதால இருந்து ஒரு ஸ்பூன் எடுத்துப் போட்டு அடிங்க, சேந்துடும். சேரலன்னா பாத்திரத்தோட அடியை வெதுவெதுப்பான தண்ணில ஒரு நிமிஷம் வச்சு மறுபடி அடிங்க. அடுத்த தடவை முட்டையும் பாலும் ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வச்சிடுங்க, முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. வெண்ணெய் விரலால அமுக்கினா பள்ளம் விழணும் ஆனா உருகி பளபளன்னு ஆகக்கூடாது, உருகிப் போன வெண்ணெய் காத்தைப் பிடிக்காது.

மைதா போட்டதுக்கு அப்புறம் பீட்டரை ஓரமா வச்சிட்டு கரண்டியால அடியில இருந்து மேல புரட்டுங்க, வெள்ளை மாவு மறைஞ்சதும் நிறுத்திடுங்க. நிறைய அடிச்சா மைதால இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் இழுவையாகி கேக் ரப்பர் மாதிரி ஆயிடும், வெட்டினா உள்ள சுரங்கம் சுரங்கமா ஓட்டை தெரியும். கலக்கினதும் ரொம்ப நேரம் வைக்காம ஓவன்ல ஏத்திடுங்க.

ஞாயிறு பேக்கர்:
குழி விழல!!! 40 நிமிஷம் ஆச்சு. மேல லேசா குவிஞ்சிருக்கு, வெடிப்பே இல்ல. எடுத்து வச்சு அரை மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தேன், இறங்கவே இல்ல. பொண்ணு வந்து விரலால அமுக்கிப் பாத்துட்டுப் போனா. ஆனா டின்னுல இருந்து கவுத்தப்ப அடியில ஒரு துண்டு ஒட்டிக்கிச்சு. போன வாரம் பண்ண குழி கேக்கும் ஃபிரிட்ஜ்ல இருக்கு, மனசு வரல தூக்கிப் போட, அதை ஏதாவது பண்ண முடியுமா?

மாவும் முட்டையும்:
ரொம்ப சந்தோஷம்ங்க, படிச்சதும் எனக்கே கேக் பண்ணணும்போல இருக்கு. ஒட்டாம இருக்க அடியில பட்டர் பேப்பர் வட்டமா வெட்டிப் போட்டுடுங்க, ஓரத்துல வெண்ணெய் தடவி மைதா தூவினா போதும். எடுத்ததும் பத்து நிமிஷம் டின்லயே விடுங்க, உடனே கவுத்தா உடையும், ஒரு மணி நேரம் விட்டா வேர்த்து ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சா சுடுதண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியை டின் அடியில ஒரு நிமிஷம் ஒத்தி வச்சிட்டுக் கவுத்துங்க.

பழைய கேக்ல வேகாத நடுப்பகுதியைச் சாப்பிடாதீங்க, குழந்தைக்கும் குடுக்காதீங்க, பச்சை முட்டையும் பச்சை மைதாவும் வயித்தைக் கெடுக்கும். ஆறிப்போன கேக்கை மறுபடி ஓவன்ல வச்சாலும் நடுவு சரியாகாது. எடுத்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள கண்டுபிடிச்சா மட்டும் மேல ஃபாயில் மூடி 160ல திரும்ப வைக்கலாம், அதுவும் குழி விழுந்தது விழுந்ததுதான், ஆனா வெந்துடும். ஒரு டம்ளரைக் கவுத்து நடுவை வெட்டி எடுத்துடுங்க, வளையமா நிக்கும், வெந்த ஓரம் மட்டும் மிஞ்சும். சர்க்கரையும் தண்ணியும் சம அளவு கொதிக்க வச்சு ஆறவிட்டு பிரஷ்ஷால தடவுங்க, வறட்சி போயிடும், நடுவுல கிரீமும் பழமும் நிரப்பிடுங்க. அதுக்கும் முடியாத அளவுக்கு உதிருதுன்னா விரல் நீளத்துக்கு வெட்டி 150ல மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் வச்சு எடுத்துடுங்க.

ஞாயிறு பேக்கர்:
வளையம் பண்ணிட்டேன், பாதி காலி. கடைசியா ஒண்ணு, பிறந்தநாளுக்கு அவ சாக்லேட் கேக் கேக்குறா. இதே மாவுல கோகோ பவுடர் சேத்தா போதுமா?

தராசு:
கூடுதலா சேக்காதீங்க, கோகோ நிறைய ஈரத்தை இழுக்கும், வறண்டு போயிடும். உங்க பாதி அளவுல 125 கிராம் மைதால 25 கிராமை எடுத்துட்டு அந்த இடத்துல கோகோ போடுங்க, பால் ஒரு ரெண்டு ஸ்பூன் கூட்டிக்கங்க. கோகோவை ரெண்டு ஸ்பூன் சூடான பால்ல கட்டியில்லாம குழைச்சு ஆறவிட்டு சேத்தா மணம் நல்லா எழும்பும். கேக் கறுப்பா இருக்கிறதால நிறத்தை வச்சு வெந்துச்சான்னு கண்டுபிடிக்க முடியாது, குச்சியும் விரலும்தான். பிறந்தநாளுக்கு முன்னாடி வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பண்ணிப் பாத்துடுங்க, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதி வச்சுக்கங்க.