செஸ்னா 152: மேலே போனா ஆர்பிஎம் சரியுது, தரையில எல்லாம் சரியா இருக்கு. உதவுங்க

கமலாபுரம்_சிட்டு:
வணக்கங்க. சேலத்துல பைலட் பயிற்சியில இருக்கேன், இதுவரை 31 மணி நேரம். வண்டி செஸ்னா 152, லைகமிங் ஓ-235 எஞ்சின். போன வாரம் காலையில ஏழரைக்குக் கிளம்பி, ஓமலூர் தாண்டி காடையாம்பட்டி பக்கம் 4,500 அடியில இன்ஸ்ட்ரக்டரோட போயிட்டிருந்தோம். முந்தின ராத்திரி நல்ல மழை. சேர்வராயன் மலை பாதிக்கு மேல மஞ்சுல மறைஞ்சு கிடந்துச்சு. நாங்க மேகத்துக்குள்ள போகல.

எஞ்சின் சுத்தற வேகத்தை 2,400 ஆர்பிஎம்ல வெச்சிருந்தேன். கொஞ்ச நேரத்துல 2,300. த்ராட்டில் (பவர் கூட்டிக் குறைக்கற குமிழ்) தானா நகருது போலன்னு லேசா தள்ளிவிட்டேன். மறுபடி 2,200. 2,150 வந்தப்புறம்தான் வாயைத் திறந்தேன். கார்ப் ஹீட்டை (கார்ப்பரேட்டருக்குச் சூடான காத்து விடற குமிழ்) இழுத்தா இன்னும் இறங்குச்சு, எஞ்சின் இருமுற மாதிரி ரெண்டு உதறு. பயந்துபோய் உள்ள தள்ளிட்டேன். சார் என் கையைத் தட்டிவிட்டு, முழுசா இழுத்து அப்படியே வெச்சார். மூணு நாலு நிமிஷம் கழிச்சுத்தான் மெதுவா ஏறுச்சு. நேரா வந்து இறங்கிட்டோம்.

ஸ்நாக் (கோளாறுப் புகார்) எழுதினோம். தரையில ஓட்டிப் பார்த்தாங்க. மேக் செக்ல (ஸ்பார்க் தர்ற ரெண்டு மேக்னெட்டோவையும் தனித்தனியா சோதிக்கறது) 1,700 ஆர்பிஎம்ல இடது 60, வலது 80 தான் இறக்கம். முழு த்ராட்டில்ல 2,300. வடிச்ச பெட்ரோல்ல தண்ணி இல்ல. "கோளாறு தென்படவில்லை"ன்னு எழுதி மூடிட்டாங்க. நாளன்னிக்கு அதே வண்டியில எனக்கு சார்ட்டி, அதாவது பயிற்சிப் பறப்பு. ராத்திரி தூக்கம் வரல.

மேட்டூர்_காத்து:
டென்சிட்டி ஆல்டிட்யூடா இருக்கும் தம்பி, அதாவது காத்து அடர்த்தி குறைஞ்சு எஞ்சினுக்குப் பவர் போறது. சேலம் ஓடுதளமே கடல் மட்டத்துக்கு 1,000 அடி மேல.

ஈயம்_படிஞ்ச_பிளக்:
ஏப்ரல் மத்தியானம்னா ஒத்துக்குவேன். 38 டிகிரி வெயில்ல நம்ம ஓடுதளம் எஞ்சினுக்கு 4,000 அடி மாதிரி தெரியும், பத்து சதவீதத்துக்கு மேல பவர் போயிடும். ஆனா அது கிளம்பும்போதே தெரியும், நடுவழியில படிப்படியா சரியாது. இது மழைக்கால விடியக்காலை வேற.

தம்பி, நான் ஏஎம்இயா (விமானப் பராமரிப்பு எஞ்சினியர்) இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே கேள்வி. கிளம்பறதுக்கு முன்னாடி தரையில எஞ்சினை ஓட்டிச் சோதிக்கற ரன்-அப்புல கார்ப் ஹீட்டை இழுத்தப்ப ஆர்பிஎம் எவ்வளவு இறங்குச்சு?

கமலாபுரம்_சிட்டு:
தம்பி இல்லீங்கண்ணா, தங்கச்சி. 20, 25 இருக்கும். இறங்குதான்னு பார்த்தேன், இறங்குச்சு, அடுத்ததுக்குப் போயிட்டேன்.

ஈயம்_படிஞ்ச_பிளக்:
மன்னிச்சுக்கம்மா. அந்த 20லதான் விஷயமே இருக்கு.

மேல நடந்தது கார்ப்பரேட்டர்ல பனிக்கட்டி, அதுல எனக்குச் சந்தேகமில்ல. பெட்ரோல் ஆவியாகறப்ப மண்பானைத் தண்ணி குளிர்ற மாதிரி சுத்தியிருக்கற காத்தோட சூட்டை உறிஞ்சிக்கும். குறுகின தொண்டையில காத்து வேகமா போறதும் சேர்ந்து, உள்ள 20 டிகிரி, அதுக்கு மேலயும் குளிர்ந்துடும். வெளியில 15 டிகிரி, காத்துல அவ்வளவு ஈரம்னா த்ராட்டில் தகடு மேல கட்டி பிடிக்காம என்ன செய்யும்? பனி பெய்யற ஊர்லதான் இது வரும்னு நெனைக்கறவங்க நம்ம பக்கம் அதிகம். மேகத்துக்குள்ள போகணும்னு கூட இல்ல.

ஹீட்டை இழுத்ததும் இருமினது நல்ல அறிகுறி. உருகின தண்ணிய எஞ்சின் குடிக்குது. அப்பதான் பொறுமையா முழுசா இழுத்தே வெச்சிருக்கணும். உங்க சார் செஞ்சது சரி.

ஆனா மூணு நாலு நிமிஷமா? சூடு ஒழுங்கா வந்தா அவ்வளவு நேரம் ஆகக் கூடாது. சூடான காத்து லேசு, அது உள்ள போனா கலவை ரிச் ஆகி (காத்துக்குப் பெட்ரோல் அதிகமாகி) ஆர்பிஎம் கண்ணுக்குத் தெரிய விழணும், 75, 100ன்னு. 20 தான்னா சூடு பாதி வழியில எங்கயோ கசியுது. எக்ஸாஸ்ட் மேல இருக்கற உறை, அங்கிருந்து வர்ற ஹோஸ், கார்ப்பரேட்டருக்குக் காத்து போற ஏர் பாக்ஸ் உள்ள இருக்கற கதவு, அதோட கேபிள், இவ்வளவையும் கவுலிங் (எஞ்சின் மூடி) கழட்டிக் கையால தடவிப் பார்க்கச் சொல்லு. கண்ணால பார்த்தா போதாது, ஹோஸ் அடிப்பக்கந்தான் கிழியும். உறையைக் கழட்டறப்ப உள்ள மஃப்ளர்ல விரிசல் இருக்கான்னும் பார்க்கணும்.

அதுவரைக்கும் அந்த வண்டியில ஏறாத.

மேட்டூர்_காத்து:
பெட்ரோல் டேங்குக்குக் காத்து போற வென்ட்டுல குளவி கூடு கட்டியிருந்தாலும் இப்படி ஆகுமேண்ணா? எங்க ஷெட்டுல ஒரு வாரம் நின்ன வண்டிக்கு மண்ணு அப்பி வெச்சிருச்சு.

ஈயம்_படிஞ்ச_பிளக்:
ஆகும், நல்ல கேள்வி. ஆனா குளவிக் கூடு கார்ப் ஹீட்டுக்கு உருகாதே! இங்க ஹீட் போட்டு திரும்ப ஏறியிருக்கு. இருந்தாலும் வென்ட்டையும் பாருங்க, காசா பணமா.

இருபதாவது_வளைவு:
பிளேனைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க, ஏற்காட்டுல காப்பித் தோட்டம். எங்க தண்ணி பம்பு பெட்ரோல் எஞ்சின். கார்த்திகைக் காலையில ஓட விட்டா கார்ப்பரேட்டர் வெளிப்பக்கம் முத்து முத்தா வேர்க்கும், தொட்டா விரல் சில்லுனு இருக்கும். பக்கத்துலயே சைலன்சர் கொதிக்கும். ஏன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. அடிவாரத்துல வெயில் அடிக்கறப்பவே பத்தாவது வளைவு தாண்டினா லைட் போட்டுத்தான் ஓட்டணும், அந்த ஈரம் உங்க பக்கமும் வரும்.

கமலாபுரம்_சிட்டு:
அண்ணா, சொல்லத்தான் வந்தேன். இன்ஸ்ட்ரக்டர் கிட்ட காட்டினேன், அவரே போய் நின்னு கவுலிங்கைக் கழட்ட வெச்சார். ஹோஸ்ல கிளாம்ப் பக்கத்துல, அடியில, நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்ள இருக்கற சுருள் கம்பி தெரியுது. மேலிருந்து பார்த்தா புதுசு மாதிரி இருக்கு! மஃப்ளர் நல்லா இருக்கு. வென்ட்டுல குளவி இல்ல.

ஹோஸ் மாத்தி இன்னிக்கு ரன்-அப்: 110 இறங்குச்சு. ஸ்நாக்கையும் திரும்பத் திறந்து, கண்டுபிடிச்சதை எழுதியாச்சு.

ஒரே ஒரு சந்தேகங்கண்ணா. தரையில ஹீட்டை எவ்வளவு நேரம் இழுத்து வெச்சுப் பார்க்கலாம்?

ஈயம்_படிஞ்ச_பிளக்:
இறக்கத்தைப் பார்க்கற அளவுக்குப் போதும்மா. அந்தக் காத்து ஃபில்டர் வழியா வராது, ஓடுதளப் புழுதி நேரா சிலிண்டருக்குப் போயிடும். ஆனா ஈரமான காலையில, ரொம்ப நேரம் மெதுவா ஓட விட்டு டாக்ஸி பண்ணியிருந்தா (தரையில உருட்டிட்டுப் போயிருந்தா), கூட ஒரு பத்து வினாடி வெச்சுப் பாரு. இறங்கினது தானா ஏற ஆரம்பிச்சா, நீ கிளம்பறதுக்கு முன்னாடியே உள்ள கட்டி பிடிச்சிருந்துச்சுன்னு அர்த்தம்.

கமலாபுரம்_சிட்டு:
சரிங்கண்ணா. ரன்-அப் நம்பர் எல்லாத்தையும் இனிமே பறக்கறப்ப தொடையில கட்டிக்கற முழங்கால் அட்டையில எழுதிக் காட்டணும்னு சார் சொல்லிட்டார். நாளைக்குக் காலையில ஏழு மணி சார்ட்டி.