மிஷனரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசிரியர் தேவை – சுங்கை சிப்புட்

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கம்போடியாவில் ஊழியம் செய்துவரும் நம் சபைக் குடும்பம் நவம்பரில் ஊர் திரும்பி, ஓராண்டு இங்கேயே தங்கவிருக்கிறது. பெற்றோருக்கு மாதந்தோறும் காணிக்கை அனுப்பும் நாம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1929இல் வியட்நாமில் மிஷனரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட டாலாட் பள்ளி 1971 முதல் பினாங்கில்தான் நடக்கிறது. ஆனால் அனைத்துலகப் பள்ளிக் கட்டணம் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

மூத்த மகள் இங்குள்ள இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத விரும்புகிறாள். மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி பெறாதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்பதால், இதுவரை வீட்டிலேயே ஆங்கிலத்தில் படித்து வந்த அவளுக்கு இவ்விரு பாடங்களே பெரும் தடையாக நிற்கின்றன. இளையவனுக்குக் கம்போடியாவின் கெமர் மொழி சரளம், தோட்டத்திலிருக்கும் பாட்டி வீடியோ அழைப்பில் "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டால் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான்.

ஆகவே, அந்த இரு பாடங்களையும் வாரம் இரண்டு மாலைகள் கற்பிக்கக்கூடிய ஆசிரியர்கள், குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றவர்கள், முன்வருமாறு கேட்டுக்கொள்கிறேன். போக்குவரத்துச் செலவைச் சபை ஏற்கும். தமிழ்ப்பள்ளி முதலாம், இரண்டாம் ஆண்டுப் பாடநூல்கள் இருந்தாலும் கொடுத்துதவுங்கள். பழைய துணிமணிகள் வேண்டாம்; சென்ற முறை வந்தவையே அறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. விருப்பமுள்ளோர் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னையோ சபைச் செயலாளரையோ சந்திக்கலாம்.