விழுந்த மைக்கைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

தாராவியிலிருந்து ஓர் உறுப்பினர்:

தாராவியில் எங்கள் தெரு அம்மன் கோவிலின் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிப் பொறுப்பை நான் ஒன்பது ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் வரி போட்டு நடத்தும் கொடை என்பதால், வில்லுப்பாட்டு இல்லாமல் அது நிறைவடையாது. சென்ற ஆடியில், கொடைக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒத்திகைக்கு நடுவே ஸ்டாண்ட் சாய்ந்து, வில்லுப்பாட்டை முன்னின்று பாடும் புலவரின் மைக் சிமென்ட் தரையில் தலைகுப்புற விழுந்தது. கம்பி வலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கையில் எடுத்துப் பேசிப் பார்த்தால் சத்தமே இல்லை.

அது 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக். வரிப்பணத்தில் வாங்கிய பொருள் என்பதால் நான் மட்டும் முடிவெடுக்க இயலாது. அன்றிரவே கோவில் திண்ணையில் பேச்சு தொடங்கிவிட்டது. "கீழே விழுந்ததை நம்பி மேடையில் வைக்கக் கூடாது தம்பி, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்றார் தலைவர் அண்ணாச்சி. "கொஞ்சம் ஈயம் வைத்தால் சரியாகிவிடும், லேமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கொடுத்துப் பாருங்கள்" என்றார் பொருளாளர். இருவருமே கோவில் பணத்தின் மேல் அக்கறை கொண்டுதான் பேசினார்கள். ஆனால் பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும் முன்னர் இரண்டில் எதைச் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும் என்பதால், நான் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டேன்.

முதலில் கேபிளை மாற்றிப் பார்த்தேன். "மைக் செத்துவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, கேபிளின் முனையில், மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோன கம்பியே காரணமாக இருந்திருக்கிறது. இம்முறை அப்படியில்லை, வேறு மைக்கோடு ஒழுங்காக வேலை செய்யும் கேபிளில் மாட்டியும் சத்தம் வரவில்லை. அடுத்து மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, மைக்கின் அடியில் உள்ள மூன்று பின்களில் 2க்கும் 3க்கும் நடுவே அளந்தேன். அளவு காட்டியது. இந்த இடத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். எஸ்எம்58இன் கைப்பிடிக்குள் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், பின்களில் அளக்கும்போது மீட்டர் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கச் சுற்றை மட்டுமே பார்க்கிறது. மேலே ஒலியைப் பிடிக்கும் காயில் (கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மைக்குகளில்தான் அந்த அளவு நேரடியாகக் காயிலைக் காட்டும். ஆக, பின்களும் அந்த ஒரு பக்கச் சுற்றும் அறுபடவில்லை, கோளாறு அதற்கு மேலே இருக்கிறது என்ற அளவுக்குத் தெளிவு கிடைத்தது.

வலையைத் திருகிக் கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சு மஞ்சளாகிப்போய், விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடி, காயிலும் காந்தமும் அடங்கிய கார்ட்ரிட்ஜின் மேல் விழாதபடி மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பஞ்சை எடுத்துவிட்டு, கார்ட்ரிட்ஜைக் கைப்பிடியிலிருந்து பிரித்தேன். அதற்குச் செல்லும் இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒன்று, ஈயம் வைத்த இடத்திலிருந்து விட்டுப்போய்த் தனியாக நின்றது. வெளிச்சத்தில் பிடித்தபோது, ஈயப்பற்று இருந்த முனை பளபளப்பில்லாமல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் நிம்மதி வந்தாலும், காயிலும் அறுந்திருந்தால் கம்பியை ஒட்டிப் பயனில்லை. டைனமிக் மைக்கில், டயஃப்ரம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் சவ்வின் பின்புறம் தலைமுடியைவிட மெலிதான செம்புக் கம்பிச் சுருள் ஒட்டப்பட்டு, காந்தத்தின் இடுக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். குரலால் டயஃப்ரம் அதிரும்போது சுருளும் அசைந்து சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதையே திருப்பிச் செய்தால் சுருளுக்குள் மின்சாரம் போகும்போது டயஃப்ரம் அசைய வேண்டும். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, கார்ட்ரிட்ஜைக் காதோடு வைத்துக்கொண்டு, மீட்டரின் இரு முனைகளையும் அதன் இரு புள்ளிகளில் தொட்டேன். "டிக்" என்று எறும்பு நடப்பது போல ஒரு சிறு ஒலி கேட்டது. எடுத்துவிட்டு மறுபடி தொட்டபோது மறுபடியும் கேட்டது. காயில் அறுபடவில்லை.

ஈயம் வைக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டியிருந்தது. சூடு சில நொடிகளுக்கு மேல் தங்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். சால்டரிங் அயர்னின் முனையில் இரும்புப் பூச்சு இருப்பதால், கிட்டே கொண்டுபோனாலே காந்தம் அதைப் பிடித்து இழுக்கும். கை நழுவினால் டயஃப்ரமில் ஓட்டை விழும். இரும்புத் தூள் கிடக்கும் மேசையில் திறந்த கார்ட்ரிட்ஜை வைப்பதும் கூடாது, ஒருமுறை உள்ளே ஒட்டிக்கொண்ட தூளை எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வைத்துத்தான் வேலையை முடித்தேன். சத்தம் வந்தது. நசுங்கிய வலைக்குப் பதிலாகப் பஞ்சோடு கூடிய புது வலையை லேமிங்டன் ரோட்டில் வாங்கிப் போட்டேன். மைக்கின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவுதான்.

கொடைக்கு அதையே புலவரிடம் கொடுத்தேன், ஆனால் இன்னொரு மைக்கையும் கேபிளோடு மிக்ஸரில் மாட்டித் தயாராக வைத்திருந்தேன். இரண்டாம் நாள் இரவு, புலவர் குரலை உயர்த்திய இடங்களில் மட்டும் ஒரு கரகரப்பு கேட்கத் தொடங்கியது. தாழ்வாகப் பேசும்போது அது இல்லை. விழுந்த அதிர்ச்சியில் சுருள் சற்றுச் சாய்ந்து, பெரிய அசைவுகளில் காந்தத்தில் உரசுகிறது என்று புரிந்துகொண்டு, உடனே மைக்கை மாற்றிவிட்டேன்.

உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது. உரசும் சுருளைச் சரிசெய்ய வழியில்லை. கார்ட்ரிட்ஜை முழுவதுமாக மாற்ற வேண்டும். ஷூர் நிறுவனமே ஆர்59 என்ற பெயரில் அதைத் தனியாக விற்கிறது, ஆனால் விலை புது மைக்கின் விலையில் பாதிக்கு மேல் வருகிறது. "பாதிக்கு மேல் கொடுத்துப் பழையதை வைத்திருப்பதற்குப் புதிதே வாங்கலாமே" என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. கார்ட்ரிட்ஜே மாற்றலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம், இந்த மைக்கில் முக்கியமாகத் தேயக்கூடிய உறுப்பு அதுதான் என்பதே. டிரான்ஸ்ஃபார்மர், உலோக உடல், பின்கள் எல்லாம் உறுதியாக இருந்தன, வலையும் புதிது, மாற்றிய பின்னர் அது எல்லா வகையிலும் புது மைக்காகவே இருக்கும், மீதிப் பணம் கோவிலுக்கு மிஞ்சும். இரண்டாவது காரணம், இந்த மாதிரியின் போலிகள் சந்தையில் மிகுதியாகப் புழங்குவதால், அசல் என்று உறுதியாகத் தெரிந்த உடலைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சி யோசித்துச் சம்மதித்தார். உறுப்பினர்கள் இத்தகைய நிலையில் என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை எழுத வேண்டுகிறேன்.

செம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் பஜனைக் குழுவில் இருந்தது விலை குறைந்த, ஸ்விட்ச் வைத்த மைக். மழைக்காலம் வந்தால் ஸ்விட்சுக்குள் பச்சை பூத்துவிடும். பாடிக்கொண்டிருக்கும்போதே படபடவென்று விட்டுவிட்டு வரும். மூன்று முறை ஸ்விட்சை மாற்றினேன். மூன்று முறைக்கும் ஆன கூலியையும் லோக்கல் ரயிலில் அலைந்த நேரத்தையும் சேர்த்தால், அதே விலையில் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம். அதன் கார்ட்ரிட்ஜுக்குத் தரமான மாற்று உறுப்பும் கிடைப்பதில்லை. கிடைப்பவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசுகின்றன. கடைசியில் ஸ்விட்ச் இல்லாத மைக்கை வாங்கிவிட்டோம், நிறுத்துவதையும் திறப்பதையும் மிக்ஸரில் செய்துகொள்கிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மைக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன். நாமம் சொல்லும்போது குரல் அறுந்து அறுந்து வருவதை இனி என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

மாட்டுங்காவிலிருந்து ஓர் உறுப்பினர்:

போலிகளைப் பற்றி எழுதியிருப்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். சங்கீத வகுப்புக்காகப் பழைய எஸ்எம்58 ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். ஆறு மாதத்தில் ஒலி தேய்ந்துபோனதால், கார்ட்ரிட்ஜ் மாற்றுவதற்காக ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வேலையைத் தொடங்கும் முன்னர் மைக்கை எடைபோட்டார். அசல் 298 கிராம் இருக்க வேண்டும். என்னுடையது அதைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது. பிறகு கைப்பிடியின் உள்ளே காட்டினார். டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, கார்ட்ரிட்ஜிலிருந்து கம்பிகள் நேராகப் பின்களுக்கே போயிருந்தன. "இந்த உடம்பில் அசல் கார்ட்ரிட்ஜைப் போட்டால் உங்கள் காசு வீண் அம்மா" என்று சொல்லி, வேலையை எடுத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிட்டார். கூலியை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன அந்த மனிதரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். பழுது பார்க்கக் கொடுக்கும் முன்னர் வீட்டுத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். எடை சரியாக இருப்பதால் மட்டுமே அசல் என்று ஆகிவிடாது, ஆனால் குறைவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

முலுண்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

தாராவி நண்பருக்கு ஒரு கேள்வி. கார்ட்ரிட்ஜை மாற்றியபோது இரண்டு கம்பிகளும் பழைய இடங்களிலேயே போய்ச் சேர்ந்தனவா என்று சோதித்தீர்களா? இடம் மாறினாலும் மைக் தனியாகப் பாடும்போது எந்த வேறுபாடும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு மைக் திறந்திருக்கும்போதுதான், ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றொன்று இழுப்பதால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அடித்தொனி காணாமல் போகும். எங்கள் குழுவில் மிருதங்கத்துக்கு வைத்த இரண்டு மைக்குகளில் இது நேர்ந்தது. மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியில் எழும் கும்கி ஒலி அறவே கேட்கவில்லை. மிருதங்கத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். சோதனை எளிது. இரண்டு மைக்குகளையும் ஒரே கையில் ஒட்டிப் பிடித்து, ஒரே தூரத்திலிருந்து பேசி, இரண்டையும் ஒரே அளவில் திறந்து பாருங்கள். சத்தம் கூடினால் சரி. மெலிந்து தகர ஒலி போல ஆனால் ஒன்று தலைகீழாக இருக்கிறது.

தாராவி உறுப்பினர் மீண்டும்:

முலுண்டு நண்பருக்கு மனமார்ந்த நன்றி. நவராத்திரி நிகழ்ச்சியில் புலவரின் மைக்கும் குடத்துக்கு வைத்த மைக்கும் ஒரு முழத் தூரத்தில் நின்றன. வில்லுப்பாட்டின் தாளக் கருவியான குடத்தைப் பத்தை என்ற மட்டையால் அடிக்கும்போது எழ வேண்டிய அந்தக் கனத்த ஒலி எழவேயில்லை. மண்டபத்தின் கூரைத் தகரத்தால் அப்படி ஆகிறது என்று நினைத்து, மிக்ஸரில் அடித்தொனியைக் கூட்டிக்கூட்டி வைத்தேன். உங்கள் எழுத்தைப் படித்த உடனே இரண்டு மைக்குகளையும் எடுத்து ஒட்டிப் பிடித்துப் பேசிப் பார்த்தேன். என் குரல் தொலைபேசியில் வருவதைப் போல மெலிந்துவிட்டது. கழற்றும் முன்னர் கைப்பேசியில் படம் எடுத்துத்தான் வைத்திருந்தேன்; குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படத்தில் இரண்டு கம்பிகளின் நிறமும் ஒன்றுபோலத் தெரிகிறது என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

மறுபடி வெள்ளைத் துணியை விரித்து, இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி ஈயம் வைத்துவிட்டேன். நேற்று மாலை புலவர் வந்திருந்தார். குடக்காரர் நான்கு தட்டு தட்டியதும், புலவர் பாட வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தி, "இன்னொரு தடவை அடிங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்.